லயத்துக்கு மேலே நிற்கும் மரத்துக்கு யார் பொறுப்பு?

ஊவாவில் காற்றுக்கு ஒரு காலம், மழைக்கு ஒரு காலம். ஜூலையில் தொடங்கி செப்டெம்பர் வரைக்கும், தென்மேல் பருவக்காற்று தன் மழையையெல்லாம் மலைத்தொடரின் அந்தப் பக்கத்தில் கொட்டிவிட்டு, வறண்டுபோய் இரைச்சலோடு நமுனுகுலச் சரிவில் இறங்கும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி வாசனையையும் தனி விலையையும் வாங்கிக்கொடுத்தது இந்தக் காற்றுத்தான். பதுளை ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரைத் தகரத்தின் மேல் கல்லும் மண்மூட்டையும் ஏற்றிவைக்கச் செய்வதும் இதே காற்றுத்தான். ஒக்டோபர் பிறந்தால் மழை. மூன்று மாதம் காற்றில் ஆடி ஆடி இளகிய வேர், மண் நனைந்து குழைந்ததும் பிடியை விடுகிறது. ஆகவே இந்தப் பக்கத்தில் மரம் விழுவதை எதிர்பாராத விபத்து என்று சொல்லித் தப்ப முடியாது. எந்த மாதத்தில் விழும், எந்தச் சரிவில் விழும், எந்த லயத்தின் மேல் விழும் என்பது அங்கே குடியிருப்பவர்களுக்கு முன்கூட்டியே தெரியும்.

தெரிந்தும் அவர்களால் அந்த மரத்தில் ஒரு கிளையைக் கழிக்க முடியாது. இதுதான் நான் பேச வந்த விஷயம்.

முதலில் பதுளை நகரத்தில் உறுதிக் காணியில் வீடு கட்டியிருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் முற்றத்தில் ஒரு பலாமரம் வீட்டுப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. அதை வெட்டவேண்டும் என்றால் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் குறுக்கே வரும். பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றைச் சொந்தக் காணியிலேயே நின்றாலும் அனுமதி இல்லாமல் சாய்க்கக்கூடாது என்கிறது அந்தச் சட்டம். ஒரு நாட்டின் சட்டம் பலாமரத்துக்கு இப்படிக் காவல் நிற்பதில் நியாயம் இருக்கிறது. அரிசி இல்லாத நாளில் இந்தத் தீவின் ஏழை வீடுகளில் அடுப்பு எரிந்தது பலாக்காயை நம்பித்தான். பாணந்துறை ஆர்தர் வி. டயஸ் ஊர் ஊராகப் பலா நடச்சொல்லிப் பிரசாரம் செய்து, சிங்கள மக்களிடம் ‘கொஸ் மாமா’ (பலா மாமா) என்ற பெயரே வாங்கினார். அந்த மரத்தைப் பலகைக்காக அறுத்துத் தள்ளிவிடக்கூடாது என்றுதான் சட்டம் வந்தது.

நடைமுறையும் ஓரளவுக்குத் தெளிவு. கிராம உத்தியோகத்தரிடம் விண்ணப்பம் கொடுக்கவேண்டும். அவர் வந்து பார்த்து, மரம் ஆபத்தாக நிற்கிறதா, காய்ப்பு நின்றுவிட்டதா, வீடு கட்ட இடைஞ்சலா என்று எழுதிச் சிபாரிசு செய்வார். பிரதேச செயலாளர் அனுமதி தருவார். வெட்டிய மரத்தைக் கட்டையாகவோ பலகையாகவோ லொறியில் ஏற்றினால், பல மர வகைகளுக்கு வனப் பரிபாலனத் திணைக்களத்தின் போக்குவரத்து அனுமதிப்பத்திரமும் வேண்டும். அலைச்சல்தான், மறுக்கவில்லை. ஆனாலும் நகரத்து வீட்டுக்காரருக்கு ஒரு வாசல் இருக்கிறது. அவர் பெயரில் காணி உறுதி இருக்கிறது. அதைக் காட்டிக் கையெழுத்துப் போட்டு அந்த வாசலில் அவர் நிற்கலாம்.

ஸ்பிரிங்வெளி லயத்தில் காம்பிரா எனும் அறை ஒன்றில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம் எதைக் காட்டும்?

1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசாங்கத்துக்குக் கொண்டுவந்தன. 1992இல் அவை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போயின. 53 வருடக் குத்தகை, 2045 வரை. நிலம் அரசாங்கத்தினுடையது. நிர்வாகம் கம்பனியினுடையது. லயமும் கம்பனியின் பொறுப்பில். தேயிலைக்குள் நிழலுக்கு நட்ட சவுக்கு, லயத்துக்குப் பின்னால் காற்றுத் தடுப்புக்கு வைத்த யூக்கலிப்டஸ், அல்பீசியா எல்லாமே குத்தகைச் சொத்து. லயத்துக்காரருக்கு அவற்றில் எந்த உரிமையும் எழுத்தில் இல்லை. அந்த மரங்களின் அடியில் அவர் தூங்குகிறார், பிள்ளைகள் தூங்குகிறார்கள். அவ்வளவுதான் அவருக்கும் மரத்துக்கும் சட்டம் அறிந்த உறவு.

அவர் தோட்டத்து ஒபீசுக்குப் போய்ச் சொல்கிறார். துரை நல்லவராக இருந்து உடனே வெட்டச் சொல்ல விரும்பினாலும் கை கட்டித்தான் இருக்கும். கம்பனி தன் தோட்டத்து மரத்தை வெட்டிச் சாய்க்கவும் பெருந்தோட்ட அமைச்சின் அனுமதியைத் தேடவேண்டும். அந்தக் கட்டுப்பாட்டுக்கும் காரணம் உண்டு: தேயிலையில் இலாபம் குறைந்த வருடங்களில் மரத்தை விற்றுக் கணக்கை நேராக்கும் ஆசை எந்தக் கம்பனிக்கும் வரலாம். ஆனால் அந்தக் கட்டுப்பாடு ஆயிரம் மரத்தை விற்கும் கம்பனிக்கும், லயத்தின் மேல் சாய்ந்து நிற்கும் ஒற்றை மரத்துக்கும் ஒரே வழியைத்தான் காட்டுகிறது. பதில் கொழும்பிலிருந்து வரவேண்டும். மழை அதற்குக் காத்திருக்காது.

சரி, பிரதேச சபைக்குப் போகலாமே? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் எழுதப்பட்டபோது அதன் 33ஆம் பிரிவு தோட்டப் பகுதிகளுக்குள் சபை தன் நிதியைச் செலவிட முடியாதபடி கட்டிப்போட்டிருந்தது. தோட்டத் தொழிலாளி வாக்குப் போட்டுத் தெரிவுசெய்த உறுப்பினர், அதே தொழிலாளியின் லயத்துக்கு ஒரு ரோடுகூடச் சபைப் பணத்தில் போட்டுத்தர முடியாத நிலை 30 வருடத்துக்கு மேல் இருந்தது. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. கதவு திறந்தது உண்மை. ஆனால் மரம் கழிக்கும் ஆளோ, ஏணியோ, கயிறோ, அதற்கென்று ஒதுக்கிய பணமோ அந்தக் கதவு வழியாக லயத்துக்கு வந்து சேர்ந்ததை நான் பார்க்கவில்லை. மின்கம்பியில் கிளை உரசினால் மின்சார ஆட்கள் வந்து கம்பிக்குத் தேவையான அளவுக்குக் கழித்துவிட்டுப் போவார்கள். அவர்களுடைய வேலை கம்பியைக் காப்பது. கூரையைக் காப்பது யார் வேலை என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

2023 ஒக்டோபர் 6ஆம் திகதி கொழும்பு கொள்ளுப்பிட்டியில் ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸின் மேல் பெரிய மரமொன்று விழுந்து 5 பேர் இறந்தார்கள். நாடே பதறியது. தலைநகரத்து வீதியோர மரங்கள் சோதிக்கப்பட்டன, ஆபத்தானவை அடையாளம் காணப்பட்டன, கிளைகள் கழிக்கப்பட்டன. அப்படித்தான் நடக்கவேண்டும். மலையகத்தில் லயத்தின் மேல் மரம் விழுந்தால் மறுநாள் பத்திரிகையின் உள்பக்கத்தில் நான்கு வரிச் செய்தி வரும்; அந்தக் குடும்பம் தோட்டத்துப் பாடசாலையிலோ கோயில் மண்டபத்திலோ சில நாள் தங்கும்; பக்கத்தில் அதேபோல் சாய்ந்து நிற்கும் அடுத்த மரத்தை யாரும் ஏறிட்டும் பார்க்கமாட்டார்கள். கொழும்பில் ஒரு மரம் விழுந்தது அத்தனை மரத்துக்கும் எச்சரிக்கையானது. இங்கே விழுந்த மரம் விறகாகிப் போகிறது. இன்னொன்றையும் சொல்லவேண்டும். கொழுந்து மலையில் வேலை நேரத்தில் மரம் விழுந்து ஒரு பெண் காயப்பட்டால், 1934ஆம் ஆண்டிலிருந்தே இருக்கும் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் கேட்க இடமிருக்கிறது. அதே பெண் அன்று இரவு காம்பிராவில் தூங்கும்போது அதே வரிசை மரத்தில் இன்னொன்று அவர் மேல் விழுந்தால், அது வேலைத்தளமல்ல.

இதை வாசிக்கும் சிலருக்கு, அப்படியானால் லயத்தைச் சுற்றி நிற்கும் மரத்தையெல்லாம் வெட்டிவிடவேண்டியதுதானே என்று தோன்றலாம். அதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியதை இந்த மாவட்டம் மறக்காது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்த இடத்தைப் பற்றி அதற்கு முன்பே எச்சரித்திருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டம் மறுபடியும் மண்சரிவில் அடிபட்டது. சரிவில் நிற்கும் மரத்தின் வேர்தான் மண்ணைத் தைத்து வைத்திருக்கிறது. மரத்தை அடியோடு சாய்த்த அன்றைக்கு ஒன்றும் ஆகாது. வேர் உயிரோடு இருப்பதுபோலத்தான் மண்ணைப் பிடித்திருக்கும். சில வருடங்களில் அது உள்ளுக்குள்ளேயே உக்கும். அது விட்ட ஓட்டைகளில் மழைத்தண்ணீர் இறங்கும். பதிலுக்கு வைத்த கன்று வேர் விடுவதற்கு முன்னால் வரும் அந்த இடைவெளியில்தான் சரிவு பலவீனமாகிறது. 1951ஆம் ஆண்டிலேயே மண் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. மரத்தையும் மண்ணையும் காப்பதற்கு ஒரே வருடத்தில் இரண்டு சட்டம் செய்த நாடு, அவற்றின் நடுவில் வாழும் மனிதரை மட்டும் எழுத மறந்துவிட்டது.

ஆக, நமக்கு வேண்டியது வெட்டுவதல்ல, கழிப்பது. உச்சியின் பாரத்தைக் குறைத்து, காற்றுப் பிடிக்கும் கிளைகளை எடுத்து, வேரை மண்ணுக்குள் விட்டுவைப்பது. சவுக்கு இதற்கு நன்றாக இடங்கொடுக்கும். கழித்தால் மறுபடி தழைக்கும். நிழல் மரம் கழிக்கும் வேலை தோட்டங்களுக்குப் புதிதுமல்ல. காற்றுக்கும் மழைக்கும் முன்னால் எந்த மலையில் எவ்வளவு நிழல் வேண்டும் என்று பார்த்துக் கழித்துவிட்டு, தழையைத் தேயிலைக்குப் பசளையாகப் போடும் பழக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. தேயிலைச் செடிக்குச் செய்யும் இந்தக் கவனம் லயத்துக்குப் பின்னால் ஐம்பது அடி தள்ளி நிற்கும் மரத்துக்கு ஏன் இல்லை?

கழிப்பதிலும் செய்நேர்த்தி உண்டு, அது தெரியாமல் கத்தி எடுக்கக்கூடாது. கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தைக் கவனித்துப் பாருங்கள்: சற்றுப் புடைத்து ஒரு வளையம்போல இருக்கும். அந்த வளையத்துக்கு வெளியே ஒட்டினாற்போல வெட்டினால் மரம் காயத்தை மூடிக்கொள்ளும். வளையத்தையே சீவிவிட்டாலும், ஒரு முழம் மொட்டைக்குச்சியை விட்டுவைத்தாலும், அங்கே தண்ணீர் ஊறி உக்கல் உள்ளே இறங்கும். பாரமான கிளையை ஒரே வெட்டில் மேலிருந்து வெட்டினால் அது பாதியில் முறிந்து அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். முதலில் கீழ்ப்பக்கம் சிறு வெட்டு, பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து அறுத்துப் பாரத்தை இறக்குவது, கடைசியில் வளையத்தை ஒட்டி மீதியை எடுப்பது. தேயிலைக் கவ்வாத்துக்கு நிற்பவர்களுக்குச் சரிந்த வெட்டும் கூரான கத்தியும் ஏன் வேண்டும் என்று யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. மொட்டையாகத் தலையை வெட்டிவிட்டுப் போகிறார்களே, அதுதான் மோசம். வெட்டிய இடத்தைச் சுற்றிக் கிளம்பும் இளங்கிளைகள் மேல்பட்டையில் மட்டும் ஒட்டியிருக்கும்; நாலைந்து வருடத்தில் பாரமேறி, முதல் கிளையைவிடச் சுலபமாக முறிந்து விழும்.

எந்த மரம் ஆபத்து என்பதைக் கண்டுபிடிக்கவும் பெரிய கருவி ஒன்றும் தேவையில்லை. காற்று வரும் பக்கத்தில் அடிமரத்தைச் சுற்றி மண் வெடித்து, அரைவட்டமாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறதா? அடியில் காளான் முளைத்திருக்கிறதா? கத்தியின் பின்புறத்தால் தட்டினால் பறை போலச் சத்தம் வருகிறதா? ரோட்டுக்கோ காணுக்கோ மண் வெட்டியபோது ஒரு பக்க வேர் அறுபட்டுப்போனதா? முன்பு நேராக நின்ற மரம் இப்போது சாய்ந்திருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த மரத்தை அதிகாரி ஒருவர் வந்து பார்த்தே ஆகவேண்டும்.

இனி விறகு. லயத்து அடுப்பு இன்னும் பெரும்பாலும் விறகில் எரிகிறது. ஆகவே லயத்துக்காரர் மரத்தைப் பற்றிப் புகார் சொன்னால், விறகுக்கு ஆசைப்படுகிறார் என்று ஒபீசில் சந்தேகிக்கிறார்கள். ஒபீஸ் மரத்தை வெட்டினால், பலகைக்கு விற்கிறது என்று லயத்தில் சந்தேகிக்கிறார்கள். இரண்டு சந்தேகத்துக்கும் பழைய அனுபவம் காரணமாக இருக்கலாம். இதைத் தீர்ப்பதற்கு வழி ஒன்றுதான்: மரம் ஆபத்தா இல்லையா என்று தீர்மானிப்பவர்களுக்கு அந்த மரத்தின் விலையில் எந்தப் பங்கும் இருக்கக்கூடாது. கழித்த கிளை அந்த லயத்துக்கு விறகாகப் போகட்டும். அடிமரத்தைச் சாய்த்தே ஆகவேண்டும் என்று வந்தால் அதன் பெறுமதி குத்தகைக் கணக்கில் எழுதப்படட்டும். விறகும் பலகையும் பேச்சிலிருந்து நீங்கினால், மிஞ்சுவது உயிர் ஒன்றுதான்.

நம்மைப்போன்றே தேயிலை மலைகளில் வாழ்பவர்கள் வேறு இடங்களில் என்ன செய்கிறார்கள்? நீலகிரியில் 1955ஆம் ஆண்டிலிருந்து மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அறிவிக்கப்பட்ட மலைப்பகுதியில் சொந்தக் காணி மரத்தை வெட்டவும் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதி வேண்டும். 1964ஆம் ஆண்டு ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் பதுளைப் பக்கத்திலிருந்து கப்பலேறிய நம் உறவுகள் பலர் இன்று கோத்தகிரியிலும் கூடலூரிலும் அந்தச் சட்டத்தின் கீழ்தான் வாழ்கிறார்கள். அங்கேயும் மழைக்காலத்தில் ஆபத்தான மரங்களைப் பற்றி இதே முறைப்பாடுகள்தான். ஆனால் முறைப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க மாவட்ட அளவில் ஒரு குழு இருக்கிறது. இங்கிலாந்தில் பாதுகாக்கப்பட்ட மரத்தைக் கழிக்கக்கூட உள்ளூராட்சி மன்றத்தின் சம்மதம் வேண்டும். மன்றம் 8 வாரத்துக்குள் முடிவு சொல்லவேண்டும். மரம் பட்டுப்போய் நின்றால் 5 வேலைநாள் முன்னறிவித்தல் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். உடனடி ஆபத்து என்றால் அந்த 5 நாளும் காத்திருக்கத் தேவையில்லை. சாதாரண வேலைக்கு வாரக் கணக்கு, உயிராபத்துக்குக் காத்திருப்பே இல்லை. இந்த வித்தியாசம்தான் நம்மிடம் இல்லாதது.

நான் கேட்பது பெரிய சட்டத் திருத்தமல்ல. கழிப்பதையும் சாய்ப்பதையும் இரண்டாகப் பிரியுங்கள். லயத்திலிருந்து தன் உயரத்தளவு தூரத்துக்குள் நிற்கும் எந்த மரத்தையும் கழிக்கச் சொல்லும் உரிமை அந்த லயத்தில் குடியிருப்பவருக்கு வேண்டும், காணி உறுதி இருக்கிறதா என்ற கேள்வி இல்லாமல். அந்த வேண்டுகோளைக் கிராம உத்தியோகத்தர் வாங்கவேண்டும். தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தரும் பிரதேச சபை ஆளும் கூட வந்து பார்க்கவேண்டும். 14 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்லவேண்டும். சாய்ப்பதற்கு மட்டும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கருத்தைக் கேட்டு, மண் தாங்குமா என்று பார்த்து, பதிலுக்கு என்ன நடுவது என்று எழுதிவைத்துப் பிரதேச செயலாளர் முடிவெடுக்கட்டும். ஒவ்வொரு செப்டெம்பரிலும் லயம் லயமாக நடந்து ஆபத்து மரங்களைக் குறித்து, மழைக்கு முன் கழிக்கவேண்டும். விண்ணப்பம் தமிழில் இருக்கவேண்டும். பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனமானவை. ஆகவே இதைச் சலுகையாகக் கேட்கவேண்டிய தேவையில்லை.

புதிதாகக் காணித்துண்டும் வீடும் பெறுபவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. லயத்திலிருந்து தனிவீட்டுக்குப் போவது நம் மக்கள் நெடுங்காலம் போராடி வென்றது. ஆனால் அந்தக் காணித்துண்டு ஒரு சவுக்கு மரத்தின் நிழல் கடந்துபோகும் தூரம்தான். வேலிக்கு வெளியே கம்பனி நிலத்தில் 60 அடி மரம் நிற்க, வேலிக்கு உள்ளே புதுவீடு நின்றால், உறுதிப்பத்திரம் கூரையைக் காக்காது. வீடு கட்டும் முன்பே எல்லையோர மரங்களைப் பார்த்து, யார் கழிப்பது, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்பதைக் காணி ஆவணங்களிலேயே எழுதவேண்டும். வீட்டுத்திட்டங்களை நடத்தும் அமைச்சும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும் இதை இப்போதே செய்யலாம்.

அதுவரை லயத்திலிருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வாய்ச்சொல்லை நிறுத்தி எழுதுங்கள். எந்த டிவிசன், எந்த லயம், எந்த மரம், எந்தப் பக்கம் சாய்வு, எந்த அறிகுறி என்று ஒரு பக்கத்தில் எழுதி, போனில் எடுத்த படத்தையும் சேர்த்து, தோட்ட முகாமையாளருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச சபைக்கும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள். உங்கள் பிரதியில் திகதியோடு முத்திரை வாங்குங்கள். எழுத்தில் எச்சரித்தும் சும்மா இருந்தவர் பிறகு தெரியாது என்று சொல்ல முடியாது. பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், என் கடிதத்துக்கு என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று அரச அலுவலகங்களைக் கேளுங்கள்; 14 வேலைநாளுக்குள் முடிவைச் சொல்ல அவை கடமைப்பட்டவை. மரம் அசையத் தொடங்கிவிட்டால் கடிதத்தை விட்டுவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழையுங்கள். லயத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். இந்தக் கடிதத்தை அவர்கள் செப்டெம்பர் முடியுமுன் எழுதிக் கொடுக்கவேண்டும்.